சீருடையின் சுமை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. ஒருவர் வாய் திறந்து பேசுவதற்கு முன்பே அவர் உடுத்தியிருக்கும் ஆடை அவரைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. வசதி, வறுமை, தொழில், ஊர், விருப்பம் என எல்லாவற்றையும் ஆடையிலிருந்து ஊகிப்பது மனித இயல்பு. பள்ளி வளாகத்தில் இந்த ஊகத்திற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே சீருடை அணியும் வழக்கம் போற்றப்படுகிறது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் மருத்துவரின் பிள்ளையும் ஒரே நிற உடையில் ஒரே வரிசையில் நிற்கும்போது, ‘இங்கு அனைவரும் மாணவர்களே’ என்னும் எண்ணம் வலுப்பெறுகிறது.

இந்நோக்கம் உயர்ந்தது. ஆனால், அந்தச் சீருடையை வாங்குவதற்கு ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு செலவு செய்கிறது? அச்செலவு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவான சுமையாக இருக்கிறதா? சமத்துவத்திற்காகக் கொண்டுவரப்பட்ட ஓர் ஆடை, சிலருக்கு மட்டும் பாரமாகிவிடுவது நியாயமா? இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

சீருடை வந்த வழி

சீருடையின் வரலாற்றில் ஒரு வியப்பான செய்தி உண்டு. இங்கிலாந்தில் பள்ளிச் சீருடை முதலில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோன்றவில்லை. 1552ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்காகக் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் பள்ளி நிறுவப்பட்டது. அங்குப் பயின்ற பிள்ளைகளுக்கு நீண்ட நீல நிற மேலங்கி வழங்கப்பட்டது. அக்காலத்தில் அந்த உடை, ‘இவர்கள் பிறர் உதவியால் வளரும் பிள்ளைகள்’ என்பதற்கு அடையாளமாக விளங்கியது. பின்னாளில்தான் வசதி படைத்தோர் பயிலும் பள்ளிகளும் தமக்கெனத் தனி உடைகளை அமைத்துக்கொண்டன. ஏழ்மையின் அடையாளமாகத் தோன்றிய சீருடை, காலப்போக்கில் பெருமையின் அடையாளமாக மாறியது.

மலாயாவிற்குச் சீருடை பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ஆங்கிலப் பள்ளிகள் வழியாக வந்தது. நாடு விடுதலை அடைந்த பிறகு பள்ளிகள் ஒரே தேசியக் கல்வி முறையின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1970ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஒரே வகையான சீருடை நடைமுறைக்கு வந்தது. பெர்லிஸ் மாநிலச் சிற்றூரில் பயிலும் மாணவரும் கோலாலம்பூர் நகரில் பயிலும் மாணவரும் ஒரே நிற உடை அணியும் நிலை இவ்வாறு உருவானது.

மலேசிய மாணவரின் உடை

தொடக்கப்பள்ளி மாணவர்கள் வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும் அணிகின்றனர். மாணவிகள் வெள்ளைச் சட்டையின்மீது கருநீலப் பினஃபோர் அணியலாம். அல்லது வெள்ளைப் பாஜு கூரோங்கும் கருநீல நீள்பாவாடையும் அணியலாம். இடைநிலைப்பள்ளியில் நிறங்கள் மாறுகின்றன. மாணவர்கள் வெள்ளைச் சட்டையுடன் பச்சை நிற நீளக் காற்சட்டை அணிகின்றனர். மாணவிகளின் பினஃபோரும் நீள்பாவாடையும் வெளிர்நீல நிறத்திற்கு மாறுகின்றன.

நாடு முழுவதும் ஒரே உடை என்பதால் பெற்றோருக்கு ஒரு பெரும் நன்மை கிடைக்கிறது. சீருடையைக் குறிப்பிட்ட ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பேரங்காடி, சிறுநகரத் துணிக்கடை, இரவுச் சந்தை எனப் பல இடங்களில் அது கிடைக்கிறது. விற்பவர் பலர் இருந்தால் விலையில் போட்டி இருக்கும். வாங்குபவர் தம் வசதிக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கலாம். குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் பழைய உடையையே தொடர்ந்து அணியலாம். பள்ளிச் சின்னத்தை மட்டும் மாற்றினால் போதும்.

எனினும், சீருடை என்பது சட்டையும் காற்சட்டையும் மட்டுமன்று. காலணி, காலுறை, கழுத்துப்பட்டை, பெயர்ப்பட்டை, பள்ளிச் சின்னம் ஆகியவையும் அதில் அடங்கும். உடற்கல்விப் பாடத்திற்கும் விளையாட்டுப் போட்டிக்கும் பள்ளியின் பெயரோ விளையாட்டு இல்லத்தின் நிறமோ கொண்ட சட்டை தேவைப்படும். சாரணர் இயக்கம், செம்பிறைச் சங்கம், பள்ளி இளையர் படை போன்ற சீருடை இயக்கங்களில் சேரும் மாணவர்களுக்கு மற்றோர் உடை வேண்டும். அதனுடன் தொப்பி, இடைவார், சின்னங்கள் ஆகியவையும் வேண்டும். முதலாம் படிவத்தில் காலடி வைக்கும் மாணவர் இவை அனைத்தையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாங்க வேண்டியுள்ளது. தொடக்கப்பள்ளியில் அணிந்த கருநீல உடை அளவில் பொருந்தினாலும் இனி அவருக்குப் பயன்படாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பத்தின் சீருடைச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இச்சிக்கல் தெளிவாக விளங்கும். கடைக்குக் கடை விலை மாறும். கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காகவே கீழ்க்காணும் தொகைகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

ஒரு சட்டையின் விலை 25 ரிங்கிட், ஒரு காற்சட்டையின் விலை 35 ரிங்கிட் என வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஜோடி உடைகளுக்கு 120 ரிங்கிட் ஆகும். காலணிக்கும் காலுறைகளுக்கும் 50 ரிங்கிட், விளையாட்டு உடைக்கு 60 ரிங்கிட், சீருடை இயக்க உடைக்கு 90 ரிங்கிட் எனச் சேர்த்தால், ஒரு மாணவருக்கு ஆகும் மொத்தச் செலவு 320 ரிங்கிட். ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் பயின்றால், எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதற்கு 960 ரிங்கிட் தேவைப்படும். பள்ளித் தொடக்கத்தில் அரசாங்கம் ஒவ்வொரு மாணவருக்கும் வழங்கும் 150 ரிங்கிட் உதவித்தொகையைக் கழித்தாலும் 510 ரிங்கிட் எஞ்சி நிற்கும்.

இப்போது இரண்டு குடும்பங்களை ஒப்பிடலாம். முதல் குடும்பத்தில் ஒருவர் மட்டுமே வேலை செய்கிறார். அவருடைய மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025ஆம் ஆண்டில் மலேசியாவில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் இதுவே. இக்குடும்பத்திற்கு 510 ரிங்கிட் என்பது ஒரு மாத வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்கு. இரண்டாவது குடும்பத்தின் மாத வருமானம் 17,000 ரிங்கிட். இவர்களுக்கு அதே 510 ரிங்கிட், வருமானத்தில் நூற்றுக்கு 3 பங்கு மட்டுமே. கடைக்காரர் இரு குடும்பங்களிடமும் ஒரே விலையைத்தான் கேட்கிறார். ஆனால், முதல் குடும்பத்தின் தோளில் ஏறும் சுமை பத்து மடங்கு கனமானது.

இச்செலவு வரும் காலமும் கவனிக்கத்தக்கது. மாதந்தோறும் சிறிது சிறிதாகச் செலவழித்தால் சமாளித்துவிடலாம். ஆனால், சீருடைச் செலவு கல்வியாண்டின் தொடக்கத்தில் புத்தகப்பை, பயிற்சிப் புத்தகங்கள், பேருந்துக் கட்டணம் ஆகியவற்றோடு ஒன்றாக வந்து நிற்கிறது. 2026ஆம் ஆண்டு முதல் கல்வியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் தீபாவளிச் செலவு முடிந்த சில வாரங்களிலேயே சீருடைச் செலவும் தொடங்கிவிடுகிறது.

ஒரே துணியில் மறைந்திருக்கும் வேறுபாடு

சீருடை அணிந்தால் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் ஏற்றத்தாழ்வு முற்றாக மறைவதில்லை. அது வேறு இடத்திற்கு நகர்கிறது. ஆடையின் நிறத்தில் தெரிந்த வேறுபாடு, ஆடையின் எண்ணிக்கையிலும் தரத்திலும் தெரியத் தொடங்குகிறது.

ஐந்து சட்டைகள் வைத்திருக்கும் மாணவர் ஒவ்வொரு நாளும் தேய்த்த சட்டையோடு வருகிறார். ஒரே சட்டை வைத்திருக்கும் மாணவரின் வீட்டில், பள்ளி முடிந்து வந்ததும் அதைத் துவைத்து, மறுநாள் காலைக்குள் உலர்த்தியாக வேண்டும். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று முன்னோர் கூறினர். ஆனால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் கிளந்தான், திரெங்கானு, பகாங் போன்ற மாநிலங்களில் நாள்கணக்கில் வெயிலே தலைகாட்டாது. கசக்கிய துணி உலராவிட்டால், ஈரச் சட்டையோடு பள்ளிக்குச் செல்வதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா என்னும் கேள்வி எழுகிறது. ஒரு சட்டை இல்லாத குறை, ஒரு நாள் பாடத்தை இழக்கும் குறையாக வளர்கிறது.

தரத்திலும் இதே நிலைதான். மெல்லிய துணியில் தைத்த மலிவான சட்டை, அடிக்கடி துவைக்கப்படுவதால் விரைவில் மஞ்சளாகும், தையல் பிரியும். விலை கூடிய சட்டை நீண்ட நாள் உழைக்கும். 18 ரிங்கிட் சட்டை ஆறு மாதமும் 30 ரிங்கிட் சட்டை ஒன்றரை ஆண்டும் உழைப்பதாகக் கொண்டால், ஒன்றரை ஆண்டில் மலிவான சட்டைக்கு மொத்தம் 54 ரிங்கிட் செலவாகிறது. கையில் 30 ரிங்கிட் இல்லாதவரே இறுதியில் 54 ரிங்கிட் செலவழிக்கிறார். குறைந்த விலையில் வாங்குவது எப்போதும் சிக்கனம் ஆகிவிடாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

மேலும், பதின்ம வயது என்பது உடல் விரைந்து வளரும் காலம். ஆண்டின் தொடக்கத்தில் சரியாக இருந்த காற்சட்டை, ஆண்டின் இறுதியில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். இதை அறிந்த தாய்மார்கள் ஓர் அளவு பெரிய உடையை வாங்கி, அடிப்பகுதியை உள்ளே மடித்துத் தைத்து வைப்பார்கள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். தளர்ந்து தொங்கும் சட்டையையோ, மடிப்பு பிரித்த கோடு தெரியும் பாவாடையையோ பார்த்துச் சக மாணவர் கேலி செய்தால், அவர்கள் கேலி செய்வது ஒரு தாயின் சிக்கனத்தையே ஆகும்.

விதிகளை நடைமுறைப்படுத்துவதிலும் நியாயம் பார்க்க வேண்டியுள்ளது. காலணி கிழிந்திருப்பதற்கும் விளையாட்டுக் காலணியை வேண்டுமென்றே அணிந்து வருவதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டுமே சீருடை விதிமீறல்கள்தாம். முன்னது இயலாமையால் வந்தது. பின்னது விருப்பத்தால் வந்தது. இரண்டிற்கும் ஒரே தண்டனை கொடுத்தால், வறுமையைத் தண்டித்தது போலாகிவிடும். எனவே, கட்டொழுங்கு ஆசிரியரும் மாணவர் தலைவரும் குறிப்பேட்டில் பெயரை எழுதுவதற்கு முன்பு காரணத்தைத் தனியாகக் கேட்டறிவது முறையாகும்.

அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகள்

பெற்றோரின் சுமையைக் குறைப்பதற்கு மலேசிய அரசாங்கம் இரண்டு வழிகளைக் கையாண்டுள்ளது. ஒன்று, பண உதவி, மற்றொன்று, விதிமாற்றம்.

2012ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தலா 100 ரிங்கிட் உதவித்தொகை வழங்கப்பட்டது. பின்னர்ச் சில ஆண்டுகள் அவ்வுதவி குறைந்த வருமானம் பெறும் குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2023ஆம் ஆண்டில் தொகை 150 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வருமான வேறுபாடு இன்றி எல்லா மாணவர்களுக்கும் கிடைத்தது.

எல்லாருக்கும் கொடுப்பது நல்லதா, தேவைப்படுவோருக்கு மட்டும் கொடுப்பது நல்லதா? இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தேவைப்படுவோருக்கு மட்டும் கொடுத்தால், அதே நிதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் கூடுதலான தொகையைக் கொடுக்க முடியும். ஆனால், பெற்றோர் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். வருமானச் சான்று காட்ட வேண்டும். நாள்கூலி வேலை செய்வோருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வருமான வரம்பைவிடச் சில ரிங்கிட் கூடுதலாகப் பெறும் குடும்பம் உதவியை முழுமையாக இழந்துவிடும். எல்லாருக்கும் கொடுத்தால் இச்சிக்கல்கள் எழா. உதவி பெறுபவர் யார் என்று விரல் நீட்டிச் சொல்லவும் வழியில்லை. ஆனால், தேவையில்லாதவருக்கும் அதே தொகை சென்று சேர்கிறது.

விதிமாற்றத்திற்குக் காலணி நல்ல எடுத்துக்காட்டு. பல்லாண்டுகளாக மலேசிய மாணவர்கள் வெள்ளைக் காலணி அணிந்து வந்தனர். செம்மண் பாதையில் ஒரு நாள் நடந்தாலே அது அழுக்காகிவிடும். வாரந்தோறும் தேய்த்துக் கழுவி, வெண்பூச்சுப் பூசி, வெயிலில் காயவைப்பது மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தவறாத வேலையாக இருந்தது. 2018ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு வெள்ளைக் காலணிக்குப் பதிலாகக் கறுப்புக் காலணி அணியும் முடிவை அறிவித்தது. ஆனால், அம்முடிவு உடனடியாகக் கட்டாயமாக்கப்படவில்லை. ஏற்கெனவே வாங்கிய வெள்ளைக் காலணி வீணாகாமல் இருக்க, 2021ஆம் ஆண்டு வரை கால அவகாசம் கொடுக்கப்பட்டது. பெற்றோரின் நன்மைக்காகக் கொண்டுவரும் மாற்றமும் திடீரென்று வந்தால் புதுச் செலவாகிவிடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய கல்வியாண்டில் மற்றொரு மாற்றம் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பள்ளிச் சீருடை அணிந்தால் போதும். எஞ்சிய நாள்களில் விளையாட்டு உடையோ புறப்பாட நடவடிக்கைக்குரிய உடையோ அணியலாம். வெப்பமான வானிலைக்கு விளையாட்டு உடை ஏற்றது. வாரத்தில் இரண்டே நாள் அணிவதற்கு ஐந்து வெள்ளைச் சட்டைகள் தேவையில்லை. எனினும், இந்த நன்மை ஒன்றைப் பொறுத்தே அமைகிறது. விளையாட்டுச் சட்டை எளிய சட்டையாக இருந்தால் செலவு குறையும். பள்ளியின் பெயர் அச்சிட்ட சட்டையைப் பள்ளியிலேயே வாங்க வேண்டும் என்றால், ஆண்டுதோறும் அதன் வடிவமும் மாறினால், வெள்ளைச் சட்டையில் மிச்சப்பட்ட பணம் விளையாட்டுச் சட்டையில் கரைந்துவிடும்.

பிற நாடுகளின் அனுபவம்

அண்டை நாடான சிங்கப்பூரில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனிச் சீருடை உள்ளது. பள்ளியின் வரலாற்றையும் பெருமையையும் அது தாங்கி நிற்கிறது. ஆனால், ஒரு பள்ளியின் உடையை வேறு பள்ளியில் அணிய முடியாது. அங்கு வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குக் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தின்வழி பாடநூல்களும் சீருடையும் இலவசமாக வழங்கப்படுகின்றன. பணமாகக் கொடுத்தால் அது வேறு அவசரச் செலவிற்குப் போய்விடலாம். சீருடையாகவே கொடுத்தால் அது மாணவரை உறுதியாகச் சென்றடையும்.

பிரிட்டனில் சிக்கல் வேறு வகையானது. அங்கும் பள்ளிக்குப் பள்ளி சீருடை மாறுபடுகிறது. பள்ளிச் சின்னம் பொறித்த மேற்சட்டை, கழுத்துப்பட்டை, விளையாட்டு உடை ஆகியவற்றைக் குறிப்பிட்ட விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க வேண்டிய நிலை பல பள்ளிகளில் இருந்தது. விற்பவர் ஒருவரே என்றால் விலையைக் குறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இதனால், 2021ஆம் ஆண்டில் சீருடைச் செலவு தொடர்பான ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி இங்கிலாந்தில் உள்ள பள்ளிகள் சின்னம் பொறித்த உடைகளைக் குறைத்துக்கொள்ளவும், பயன்படுத்திய சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்க வழிசெய்யவும் வேண்டும் என்னும் வழிகாட்டுதல் வெளியிடப்பட்டது.

இவ்விரு நாடுகளின் அனுபவமும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. சீருடையின் விலையைத் துணி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை எங்கே வாங்க வேண்டும், எத்தனை வகை வாங்க வேண்டும், எத்தனை முறை மாற்ற வேண்டும் என்று சொல்லும் விதிகளும் தீர்மானிக்கின்றன.

சீருடையே வேண்டாமா?

‘இவ்வளவு சிக்கல் இருக்கிறதே, சீருடையையே நீக்கிவிடலாமே’ என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கூற்றிலும் பொருள் இருக்கிறது. வீட்டில் இருக்கும் சாதாரண உடையை அணிந்து வந்தால் தனிச் செலவு இல்லை. மாணவர்கள் தங்கள் விருப்பத்தை வெளிப்படுத்தவும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஆயினும், நாள்தோறும் வண்ண உடை அணிந்து வரும் பள்ளியைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். திங்கள் அணிந்ததைச் செவ்வாய் அணியத் தயங்கும் வயது அது. ஒருவர் பெயர்பெற்ற நிறுவனத்தின் சட்டையை அணிந்து வந்தால், மற்றவருக்கும் அதே ஆசை எழும். அந்த ஆசையை நிறைவேற்ற முடியாத பெற்றோர் ஒவ்வொரு மாதமும் பிள்ளையிடம் ‘இல்லை’ என்று சொல்ல நேரிடும். வெள்ளைச் சட்டை இரண்டு போதும் என்னும் எல்லையைச் சீருடை வகுத்துத் தருகிறது. வண்ண உடைக்கு அப்படியோர் எல்லை இல்லை. ஆகவே, ஏழைக் குடும்பத்திற்குச் சீருடை ஒரு வகையில் பாதுகாப்பும் ஆகும். அந்தப் பாதுகாப்பு எல்லாருக்கும் எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பதே முதன்மையானது.

பள்ளியும் மாணவரும் செய்யத்தக்கவை

பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனம் வைத்தால் பெருஞ்செலவு இல்லாமலேயே பல மாற்றங்களைச் செய்யலாம். விளையாட்டுச் சட்டையின் வடிவத்தை ஐந்தாண்டுகளுக்கு மாற்றாமல் வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால், முதலாம் படிவத்தில் வாங்கும் சட்டையைத் தம்பியோ தங்கையோ பின்னர் அணிய முடியும். பெயர்ப்பட்டையைச் சட்டையில் நிலையாகத் தைக்காமல் கழற்றி மாட்டும் வகையில் அமைக்கலாம். சீருடை இயக்க உடைகளைப் பள்ளியே வாங்கி வைத்து, நூலகப் புத்தகம் போல இரவல் கொடுக்கலாம். வாரத்தில் ஒரு முறை மட்டுமே அணியும் உடையை ஒவ்வொரு குடும்பமும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

மாணவர்களும் தங்கள் பங்கிற்குச் ‘சீருடை வங்கி’ ஒன்றைத் தொடங்கலாம். எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பச்சைக் காற்சட்டையும் வெளிர்நீலப் பினஃபோரும் இனித் தேவைப்படா. அவற்றைத் துவைத்து, தேய்த்து, அறுந்த பொத்தானைத் தைத்து, அளவு வாரியாக அடுக்கி வைத்தால், அடுத்த ஆண்டு முதலாம் படிவத்திற்கு வருவோருக்குப் பயன்படும்.

ஆனால், கொடுக்கும் முறை மிக முக்கியம். காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்து, மேடையில் வைத்து உடையைக் கொடுத்துப் படம் எடுத்தால், பெற்றவர் மறுநாள் அந்த உடையில் நிமிர்ந்து நடக்க முடியாது. சீருடை எதை மறைக்க வந்ததோ, அதையே அந்தப் படம் ஊருக்குக் காட்டிவிடும். ‘வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது’ என்பார்கள். சீருடை வங்கி எல்லா மாணவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். ‘ஏழைகளுக்கு’ என்று எழுதி வைக்காமல், ‘நல்ல உடை வீணாகக் கூடாது’ என்னும் நோக்கத்தை முன்வைக்கலாம். வசதி உள்ள மாணவரும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்போது, எடுப்பவர் யாராக இருந்தாலும் வெட்கத்திற்கு இடமில்லை.

நிறைவு

ஒரு சீருடை விதி நியாயமானதா என்று அறிய அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. அதற்காகப் பணம் செலுத்துபவர் யார், எத்தனை முறை செலுத்துகிறார், செலுத்த முடியாதவருக்கு என்ன நேர்கிறது என்னும் மூன்று வினாக்களையும் கேட்க வேண்டும். இவற்றிற்கு நல்ல விடை கிடைக்கும் பள்ளியில், பழைய சட்டை அணிந்த மாணவரும் புதிய சட்டை அணிந்த மாணவரும் தங்கள் ஆடையை மறந்து பாடத்தில் மனத்தைச் செலுத்த முடியும். சீருடையின் நோக்கமும் அப்போதுதான் நிறைவேறும்.

சிந்தித்து விடை எழுதுக

1. நாடு முழுவதும் ஒரே சீருடை இருப்பதால் பெற்றோருக்குக் கிடைக்கும் நன்மைகள் இரண்டனை எழுதுக.

2. ‘ஏற்றத்தாழ்வு முற்றாக மறைவதில்லை, அது வேறு இடத்திற்கு நகர்கிறது.’ இக்கூற்றைப் பாடத்தில் உள்ள சான்றுகளுடன் விளக்குக.

3. மலிவான சட்டையை வாங்குவது எப்போதும் சிக்கனம் ஆகாது என்பதற்குப் பாடம் காட்டும் கணக்கை உன் சொந்த வாக்கியத்தில் எழுதுக.

4. உதவித்தொகையை எல்லா மாணவர்களுக்கும் கொடுப்பதா, தேவைப்படுவோருக்கு மட்டும் கொடுப்பதா? உன் கருத்தைக் காரணங்களுடன் நிறுவுக.

5. உன் பள்ளியில் நடைமுறையில் உள்ள சீருடை விதி ஒன்றைத் தேர்ந்தெடு. நிறைவுப் பகுதியில் உள்ள மூன்று வினாக்களையும் அதற்குப் பொருத்திப் பார்த்து, அவ்விதி நியாயமானதா என்பதைக் குழுவில் கலந்துரையாடுக.

6. உன் பள்ளியில் சீருடை வங்கி தொடங்க அனுமதி கோரித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுக.